விளக்கைப் பார்த்துச் சிரித்த படம்

போட்டோக்காரம்மா: கண்ணாடியக் கழட்டாதீங்கக்கா. கை அங்க போகவே கூடாது.

தையல்காரம்மா: கழட்டலம்மா... சும்மா சரி பண்ணேன்.

லோடுமேன்: சரி பண்றேன்னு சொல்லித்தான் ஆரம்பிப்பா. கொஞ்சம் அசந்தா மடிச்சுப் பையில போட்டுட்டு, ஒண்ணுமே நடக்காத மாதிரி உக்காந்திருப்பா.

தையல்காரம்மா: நீங்க கொஞ்ச நேரம் வாய மூடிட்டு இருங்க.

போட்டோக்காரம்மா: இப்பக் கழட்டினா மூக்குல ரெண்டு பக்கமும் செவப்பா குழி தெரியும்க்கா. அது மறையக் கால் மணி நேரம் ஆகும். போட்டுட்டே எடுக்கலாம்.

தையல்காரம்மா: போட்டுட்டு எடுத்தா மட்டும் என் கண்ணு எங்க தெரியப் போகுது? தைக்கிற கம்பெனில அடையாள அட்டைக்குப் படம் எடுத்தாங்க. கண்ணு இருக்கற எடத்துல ரெண்டு வெள்ளத் தட்டு. அன்னிலேருந்து எல்லாரும் என்ன ஹெட்லைட்டுன்னுதான் கூப்பிடறாங்க.

லோடுமேன்: நல்ல பேருதானே. பின்னால வர்றவனுக்கு வழி தெரியும்.

தையல்காரம்மா: பாத்தியாம்மா... இருபத்தஞ்சு வருஷமா இந்தப் பேச்சுதான்.

போட்டோக்காரம்மா: இருபத்தஞ்சு வருஷம் ஆச்சா? அதுக்குத்தான் படமா?

லோடுமேன்: ஆமா. அந்தப் பழைய படத்த எடுத்துக் காட்டு.

தையல்காரம்மா: அது எதுக்கு இப்ப...

லோடுமேன்: காட்டுன்னா காட்டு. டாக்டர்கிட்ட வந்து உக்காந்துட்டு நோவ மறைக்கறதா?

போட்டோக்காரம்மா: குடுங்கக்கா... ஓ, கல்யாணப் படமா. அண்ணன் நேரா பாக்குறாரு. அண்ணே, மீசைக்குள்ள நீங்கதானா இருக்கீங்க?

லோடுமேன்: அது அப்போ.

போட்டோக்காரம்மா: அக்கா... நீங்க எங்க பாக்குறீங்க?

தையல்காரம்மா: கேமராவத்தான்.

போட்டோக்காரம்மா: இல்லியே... இந்தப் பக்கம் எதையோ...

லோடுமேன்: விளக்கு ஸ்டாண்டு. படம் எடுத்தவரு எதிர்ல குள்ளமா நிக்கிறாரு. அந்தப் பக்கம் விளக்கு உயரமா, ஒல்லியா நின்னுச்சு. இவ விளக்கப் பாத்து அப்படி ஒரு சிரிப்பு சிரிக்கிறா.

தையல்காரம்மா: என் கண்ணாடிய எங்க சித்தி புடுங்கித் தன் பையில போட்டுக்கிட்டாங்கம்மா. கண்ணாடி போட்ட பொண்ணுன்னு படத்துல தெரியக் கூடாதாம். எதிர்ல என்னமோ உயரமா நின்னுச்சு. மனுஷன்னு நெனச்சேன்.

லோடுமேன்: என்னப் பாத்துக்கூட இவ அப்படிச் சிரிச்சதில்ல தங்கச்சி.

தையல்காரம்மா: விளக்கு வாயாடல. அதான்.

போட்டோக்காரம்மா: சிரிக்கக் கூடாதுன்னுதான் பாக்குறேன்க்கா... முடியல.

லோடுமேன்: சிரி. எல்லாரும்தான் சிரிக்கிறாங்க. நடு வீட்ல இதுதான் மாட்டியிருக்கு. வர்றவன் போறவனெல்லாம், அண்ணி யாரப் பாக்குறாங்கன்னு கேக்குறான். இத எறக்கிட்டு வேற ஒண்ணு மாட்டணும். இவ முகத்துல கண்ணாடி இருக்கணும். கண்ணாடிக்குள்ள கண்ணு இருக்கணும். எனக்கு வேற எதுவும் வேணாம்.

தையல்காரம்மா: ஒரே ஒரு தடவதான் உக்காருவேன்னு சொல்லித்தான் வந்திருக்கேன். இதுலயும் வெள்ளத் தட்டு வந்துச்சுன்னா கழட்டிடுவேன். கழட்டிட்டு எடுத்துக்கோங்க. இல்லன்னா அந்த விளக்குப் படமே தொங்கட்டும்.

போட்டோக்காரம்மா: வராதுக்கா. பதினஞ்சு வருஷமா கண்ணாடிக்காரங்களத்தான் அதிகமா எடுக்கறேன். ஒருத்தர் எடுத்துட்டுப் போனா பத்துப் பேர அனுப்புவாங்க... அக்கா, நிமிந்து உக்காருங்க. அண்ணே, நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்க. முதல்ல அக்கா மட்டும்.

லோடுமேன்: நான் எங்க நிக்கறது?

தையல்காரம்மா: விளக்குப் பக்கத்துல நில்லுங்க. பழக்கப்பட்ட எடம்.

போட்டோக்காரம்மா: அந்தச் சட்டையோட அங்க நிக்காதீங்கண்ணே. பளபளன்னு இருக்கு. அந்த மினுக்கு அக்கா கண்ணாடில வந்து உக்காந்துக்கும். வேற சட்டை இல்லியா?

லோடுமேன்: எங்க இருக்கு? மூணு மாசம் முன்னாடி, புதுச் சட்டை தைக்கிறேன்னு டேப்போட வந்தா. முழுக்கை வெக்கிறேன், ஆடாம உக்காருங்கன்னா. அளந்ததோட சரி. துணியும் வரல, சட்டையும் வரல.

தையல்காரம்மா: தையல்காரி வீட்ல சட்டை கடைசிலதான் வரும்.

போட்டோக்காரம்மா: நான் டியூப் லைட்ட அணைக்கிறேன்... திரையையும் இழுத்துடறேன். இல்லன்னா ஜன்னல் நாலு கட்டமா கண்ணாடில தெரியும். இப்ப பாருங்கக்கா, இந்த விளக்க நல்லா மேல ஏத்துறேன். வெளிச்சம் மேலேருந்து வந்து கண்ணாடில பட்டுத் தரைக்குப் போயிடும். என் பக்கம் திரும்பாது.

தையல்காரம்மா: கம்பெனில மூஞ்சிக்கு நேரா வெச்சு அடிச்சான்.

போட்டோக்காரம்மா: அதான் நேரா திரும்பி அவன் கேமராவுக்குள்ள போயிருக்கு. பந்த சுவத்துல எறிஞ்சா கைக்கே வருமில்ல, அது மாதிரி... கொஞ்சம் இருங்க. பிரேம்ல கால் காது மேல உக்காந்திருக்கில்ல, அத ஒரு நூல் அளவு தூக்கி வெக்கிறேன்.

தையல்காரம்மா: விழுந்துடாதா?

போட்டோக்காரம்மா: மூக்கு எதுக்கு இருக்கு? கால் மேல போனா கண்ணாடி கொஞ்சம் கீழ பாத்து சாயும். யாருக்கும் வித்தியாசம் தெரியாது. தாடை கொஞ்சம் கீழே... கண்ணு மட்டும் என்கிட்ட. எடுக்கறேன்... எடுத்தாச்சு. பாருங்க.

தையல்காரம்மா: தட்டு இல்ல.

லோடுமேன்: நான் சொல்லல?

தையல்காரம்மா: ஆனா கண்ணு மிளகு மாதிரி இருக்கே. இவ்வளவு சின்னக் கண்ணா எனக்கு? கன்னம் வேற ஒடிஞ்சு போன மாதிரி...

போட்டோக்காரம்மா: ஒரு பக்கமா திரும்பிட்டீங்கக்கா. உங்களது தூரத்துக்குப் போடற கண்ணாடி. அது எல்லாத்தையும் உள்ள இழுக்கும். கன்னத்துக் கோடு கண்ணாடிக்குள்ள வந்ததும் உள்ள போயிடும். படிக்கிறதுக்குப் போடற கண்ணாடின்னா நேர் மாறு, கோட்ட வெளிய தள்ளும். நேரா திரும்பிட்டீங்கன்னா ரெண்டும் தெரியாது.

லோடுமேன்: எனக்குக் காட்டு. எங்க... ம். நல்லாத்தானே இருக்கு.

போட்டோக்காரம்மா: ஏண்ணே, படத்தப் பாக்கும்போது தாடைய அப்படித் தூக்குறீங்க?

தையல்காரம்மா: அது இப்ப ஒரு மூணு மாசமாம்மா. பேப்பர் படிச்சாலும் அப்படித்தான். கோழி தண்ணி குடிக்கிற மாதிரி.

லோடுமேன்: கழுத்து வலி. மூட்டை தூக்கற கழுத்து.

தையல்காரம்மா: ஆமா... கழுத்துதான்.

போட்டோக்காரம்மா: அக்கா, விளக்குச் சூட்டுல முகம் மினுக்குது. உள்ள பைப் இருக்கு, முகம் கழுவிட்டு வாங்க. கண்ணாடியையும் சோப்புப் போட்டுக் கழுவிடுங்க. மெஷின் எண்ணெய்க் கை பட்ட மாதிரி இருக்கு. எவ்வளவு நல்ல வெளிச்சம் வெச்சாலும் அது ஒண்ணு காட்டிக் குடுத்துடும்.

தையல்காரம்மா: கழுவினா மட்டும் மிளகு மொச்சை ஆயிடுமா... சரி, வர்றேன். அவர ரெண்டு எடுத்து வை. அவருக்கும்தானே கண்ணாடி. அவரும் போட்டிருக்காருங்கற ஒரு தைரியத்துலதான் நானே உக்காந்திருக்கேன்.

போட்டோக்காரம்மா: கதவ இழுத்துச் சாத்துங்கக்கா, தண்ணி இந்தப் பக்கம் தெறிக்கும்... வாங்கண்ணே, உக்காருங்க. பட்டன போடுங்க.

லோடுமேன்: தங்கச்சி... தண்ணி விழுதா?

போட்டோக்காரம்மா: விழுது. ஏன்?

லோடுமேன்: கிட்ட வா. என் கண்ணாடிக்கு நீ மெனக்கெட வேணாம்.

போட்டோக்காரம்மா: ஏண்ணே?

லோடுமேன்: இது சும்மா.

போட்டோக்காரம்மா: சும்மான்னா?

லோடுமேன்: பவர் கிடையாது. வெறும் கண்ணாடி. ஜன்னல்ல போடுவாங்களே, அது.

போட்டோக்காரம்மா: அப்ப எதுக்குப் போட்டிருக்கீங்க?

லோடுமேன்: ...சத்தம் போடாத.

போட்டோக்காரம்மா: போடல. சொல்லுங்க.

லோடுமேன்: கல்யாணம் ஆன முதல் வாரம். எங்கம்மா வாயி உனக்குத் தெரியாது. பார்வை இல்லாததப் பாத்துப் பாத்துக் கட்டிட்டு வந்திருக்கான்னு காலைல ஒரு தடவ, சாயங்காலம் ஒரு தடவ. இவ மூணாம் நாளே கண்ணாடியக் கழட்டி வெச்சுட்டா. அது இல்லாம அவளுக்கு முழங்கைக்கு அப்பால ஒண்ணும் தெரியாது. பாலப் பாத்திரத்துக்குப் பக்கத்துல ஊத்துவா. தூண்ல போய் முட்டிக்குவா. முட்டிட்டு, மன்னிச்சுக்கோங்க மாமான்னு தூண்கிட்ட சொன்னா.

போட்டோக்காரம்மா: ஐயோ... தூண்கிட்டயா?

லோடுமேன்: எங்கப்பான்னு நெனச்சுட்டா. வீட்ல எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். அப்புறம் எனக்கு அன்னிக்குச் சோறு எறங்கல. மறுநாள் வேலை விட்டு வர்ற வழில ஒண்ணு வாங்கி மாட்டிட்டுப் போயிட்டேன். எனக்கும் கண்ணு சரியில்லம்மா, டாக்டர் சொல்லிட்டாருன்னேன்.

போட்டோக்காரம்மா: அம்மா என்ன சொன்னாங்க?

லோடுமேன்: என்னத்தச் சொல்றது? பெத்ததாச்சே. மருமகளச் சொன்னா இனிமே புள்ளையையும் சேத்துச் சொல்லணும். அன்னியோட அந்தப் பேச்சு போச்சு. அடுத்த நாள் காலைல பாக்குறேன், இவ கண்ணாடியப் போட்டுட்டு நிக்கிறா.

போட்டோக்காரம்மா: அண்ணே...

லோடுமேன்: எனக்கு அப்ப எழுத்தே தெரியாது தங்கச்சி. கைநாட்டு. குடோன்ல ஒவ்வொருத்தனும் சிரிச்சான். கைநாட்டுக்குக் கண்ணாடியா, எருமைக்குக் குடையான்னு. அதோட விட்டாங்களா... கண்ணாடி போட்டவன்னு, வர்ற சீட்டையெல்லாம் என் கையில குடுக்க ஆரம்பிச்சாங்க. படிச்சுச் சொல்லு, எந்த மூட்டை எந்த லாரிக்குன்னு.

போட்டோக்காரம்மா: என்ன பண்ணீங்க?

லோடுமேன்: கண்ணாடி அழுக்கா இருக்குன்னு தொடைப்பேன். எத்தன நாளைக்குத் தொடைக்கறது? கண்ணாடியே தேஞ்சு போயிடும். கடைசில சீட்ட மடிச்சு வீட்டுக்கு எடுத்துட்டுப் போய் இவகிட்ட உக்காந்தேன். இவ மெஷின மிதிச்சுக்கிட்டே ஒரு எழுத்து சொல்லுவா, நான் அதையே சொல்லுவேன். அவ ஒரு சட்டை முடிக்கிறதுக்குள்ள நான் ஒரு வரி முடிக்கணும். நாலு வருஷம் ஆச்சு தடுமாறாமப் படிக்க. இப்ப பேப்பர ஒரு எழுத்து விடாம படிப்பேன்.

போட்டோக்காரம்மா: அக்காவுக்கு இன்னும் தெரியாது?

லோடுமேன்: தெரியாது. தெரியவும் கூடாது. தெரிஞ்சா கழட்டிடுவா.

போட்டோக்காரம்மா: இத்தன வருஷம் கழிச்சா?

லோடுமேன்: உனக்கு அவளத் தெரியாது. ரோஷக்காரி. அப்ப பரிதாபப்பட்டுத்தான் போட்டீங்களான்னு ஒரு வார்த்தை கேப்பா. கேட்டுட்டுக் கழட்டி வெச்சுடுவா. அப்புறம் இந்தப் படமும் கிடையாது, ஒண்ணும் கிடையாது.

போட்டோக்காரம்மா: சரி, நான் சொல்லல. உங்க வேலை எனக்குச் சுலபமாப் போச்சு. இங்க ஒரு தட்டு நெறைய வெறும் பிரேம் வெச்சிருக்கேன், கண்ணாடியே மாட்டாதது. உங்களுது மாதிரியே கறுப்பு... இந்தாங்க, இதப் போடுங்க. வெளிச்சம் படறதுக்கே எதுவும் இல்ல.

லோடுமேன்: அதுவும் ஒண்ணுதான், இதுவும் ஒண்ணுதான். குடு.

போட்டோக்காரம்மா: தாடை கொஞ்சம் கீழே. போலீஸ்காரர் மாதிரி முறைக்காதீங்க... ஆங். எடுத்தாச்சு. பாருங்க, எவ்வளவு சுத்தமா வந்திருக்கு.

லோடுமேன்: எங்க... மங்கலா இருக்கே. சரியா விழல போல.

போட்டோக்காரம்மா: தெளிவாத்தான் இருக்கு.

லோடுமேன்: கொஞ்சம் தள்ளிப் புடி. இன்னும் கொஞ்சம்... இன்னும்...

போட்டோக்காரம்மா: என் கை முடிஞ்சு போச்சுண்ணே. தெருவுக்குப் போய்க் காட்டவா? உங்க கண்ணாடியப் போட்டுப் பாருங்க.

லோடுமேன்: அதப் போட்டா மட்டும் என்ன, அதுவும் வெறும்...

போட்டோக்காரம்மா: போடுங்களேன்.

லோடுமேன்: இந்தா, போட்டுட்டேன்.

போட்டோக்காரம்மா: தெரியுதா?

லோடுமேன்: தெரியுது.

போட்டோக்காரம்மா: எப்படி?

லோடுமேன்: அதான் தங்கச்சி, எனக்கே புரியல. போன வருஷம் பூரா எழுத்தெல்லாம் எறும்பு ஊர்ற மாதிரி இருந்துச்சு. நாப்பது வயசுக்கு மேல கண்ணு அப்படித்தான் ஆகும்னாங்க. மூணா எட்டான்னு தெரியாம ஒரு லோட வேற லாரில ஏத்தி அனுப்பிட்டேன். இன்னொரு தடவ இப்படி நடந்தா வீட்டுக்குப் போன்னாரு மேஸ்திரி. டாக்டர்கிட்டயும் போக முடியல. இவ கூடவே வருவா. டாக்டர் வாங்கிப் பாத்துட்டு, இது வெறும் கண்ணாடியாச்சேன்னு சொல்லிட்டா?

போட்டோக்காரம்மா: அப்புறம்?

லோடுமேன்: அப்புறம் தானா தேறிடுச்சு. மூணு மாசமா எழுத்து கல்லுல வெட்டின மாதிரி இருக்கு. போட்டுட்டே இருந்தா கண்ணும் நம்பிடும் போல.

போட்டோக்காரம்மா: கண்ணு நம்பாதுண்ணே. முதல்ல, நீங்க சட்டை பட்டன் போடறப்போ சும்மா ஒண்ணு எடுத்தேன். அதப் பெருசாக்குறேன், பாருங்க. கண்ணாடிக்குள்ள உங்க கன்னத்துக் கோடு. மேல் பாதில நேரா வருது...

லோடுமேன்: வருது.

போட்டோக்காரம்மா: கீழ்ப்பாதில?

லோடுமேன்: வெளிய பிதுங்குது.

போட்டோக்காரம்மா: மேல வெறும் கண்ணாடி. கீழ படிக்கிற பவர். நடுவுல கோடு தெரியாத ரகம், இப்ப நெறைய வருது. அதான் எதையாவது படிக்கணும்னா கோழி மாதிரி தாடையத் தூக்குறீங்க.

லோடுமேன்: இரு, கழட்டிப் பாக்கறேன்... யாரு போட்டது?

போட்டோக்காரம்மா: என்னக் கேட்டா? கடைக்கு யாரு கொண்டு போனா?

லோடுமேன்: அவதான். நாற்காலில வெச்சிருந்தேன், பாக்காம உக்காந்துட்டா. கால் ஒடிஞ்சுடுச்சு. எப்ப ஒடிஞ்சாலும் நான்தான் கொண்டு போவேன். அன்னிக்கு விடல, கையிலேருந்து புடுங்கிட்டுப் போனா... கடைக்காரன் வேற யாரோடதையோ மாத்திக் குடுத்திருப்பான்.

போட்டோக்காரம்மா: அதே பிரேம்லயா?

லோடுமேன்: அவனுங்க பண்ணுவானுங்க.

போட்டோக்காரம்மா: மேல வெறும் கண்ணாடி, கீழ உங்க வயசுக்குச் சரியான பவர். மாத்திக் குடுத்தவன் கெட்டிக்காரன்தான்.

லோடுமேன்: தண்ணி நின்னுடுச்சு. என் கண்ணாடி எங்க... இதான், மாட்டிட்டேன். பேசாத.

போட்டோக்காரம்மா: அண்ணே, அது அந்தப் பிரேம்...

லோடுமேன்: பேசாதங்கறேன்.

தையல்காரம்மா: என்ன குசுகுசுன்னு?

லோடுமேன்: தாடையப் பத்தி.

தையல்காரம்மா: அதுல பேச என்ன இருக்கு... இருங்க, அசையாதீங்க. கண்ணாடில என்னமோ ஒட்டியிருக்கு, முடி போல. எடுக்கறேன்.

லோடுமேன்: வேணாம்... நானே... ஆ. கண்ணு.

தையல்காரம்மா: என்ன இது? விரல் உள்ள போகுது?

லோடுமேன்: கண்ணுல குத்திட்டியே.

தையல்காரம்மா: குத்தாம? கண்ணாடி எங்க?

போட்டோக்காரம்மா: நான்தான்க்கா குடுத்தேன். படத்துக்காக. வெளிச்சம் படாம இருக்கறதுக்கு வெறும் பிரேம்...

தையல்காரம்மா: எனக்கு மட்டும் சோப்புப் போட்டுக் கழுவச் சொன்ன. அவருக்கு வெறும் பிரேமா?

போட்டோக்காரம்மா: உங்களுது மாதிரி பிரேம் என்கிட்ட இல்லக்கா.

தையல்காரம்மா: இருந்தாலும் வேணாம். மாட்டறதுன்னா ரெண்டு பேரும் நிஜக் கண்ணாடியோட இருக்கறதத்தான் மாட்டணும். அவருத எடுத்துப் போடச் சொல்லு.

லோடுமேன்: போடறேன். போட்டுட்டேன். நிஜம்தான்.

தையல்காரம்மா: கண்ணு வலிக்குதா? காட்டுங்க... ஒண்ணும் இல்ல. நல்ல வேளை, நகம் வெட்டியிருந்தேன்.

போட்டோக்காரம்மா: கிட்ட உக்காருங்க ரெண்டு பேரும். இன்னும் கிட்ட. அண்ணே, நடுவுல லாரியா போகப் போகுது? ஆங். நேரா திரும்புங்கக்கா. ரெண்டு பேருக்கும் காலத் தூக்கி வெக்கிறேன்... பிரேம மூக்கு மேல ஏத்திக்கோங்க, கண்ணு நடுவுல வரணும். மேல் சட்டம் கண்ணுக்குக் குறுக்க வந்தா தூங்கற மாதிரி இருக்கும்.

லோடுமேன்: தாடை கொஞ்சம் கீழே. தெரியும்.

போட்டோக்காரம்மா: அக்கா, ஏன் இப்படி விறைப்பா?

தையல்காரம்மா: பயமா இருக்கும்மா. கழுவினதுக்கப்புறமும் தட்டு வந்துட்டா...

போட்டோக்காரம்மா: வராது. நான் தள்ளி நின்னு எடுக்கறேன். ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கோங்க. அண்ணனப் பாக்காதீங்க. உயரமா, ஒல்லியா எது நின்னாலும் பாக்காதீங்க. குள்ளமா, குண்டா ஒண்ணு நிக்குது பாருங்க, அதான் நான்.

தையல்காரம்மா: போம்மா... சிரிக்க வெச்சுட்ட...

போட்டோக்காரம்மா: எடுத்தாச்சு. எழுந்திருக்காதீங்க, நானே கொண்டு வர்றேன்.

தையல்காரம்மா: கொஞ்சம் கிட்டக் காட்டும்மா.

லோடுமேன்: என்ன, எப்படி இருக்கு?

தையல்காரம்மா: இது நானா?

போட்டோக்காரம்மா: நீங்கதான்.

தையல்காரம்மா: கண்ணு ரெண்டும் இருக்கு.

லோடுமேன்: எத்தன இருக்கும்னு நெனச்ச?

தையல்காரம்மா: இல்லங்க... கழட்டிட்டுப் பாத்தா எனக்கு முகமே தெரியாது. போட்டுட்டுப் பாத்தா பிரேம்தான் தெரியும். என் கண்ணு இப்படின்னு நான் பாத்ததே இல்லம்மா. ஓரத்துல கொஞ்சம் சுருங்குது. சிரிச்சதாலயா?

லோடுமேன்: எப்பவும் அப்படித்தான் சுருங்கும். சிரிக்கறதுக்கு ஒரு நிமிஷம் முன்னாடியே சுருங்கிடும்.

தையல்காரம்மா: வெளி ஆளு முன்னாடி என்ன பேச்சு...

போட்டோக்காரம்மா: நான் வேணா திரும்பிக்கறேன்.

லோடுமேன்: கொண்டா, நான் பாக்கறேன். நல்லா இருக்கு. ரொம்ப நல்லா இருக்கு தங்கச்சி. கீழ ஓரத்துல மணி கூட விழுந்திருக்கே. பதினொண்ணு முப்பத்தெட்டு.

தையல்காரம்மா: மூணா, எட்டா? நல்லாப் பாருங்க.

லோடுமேன்: எட்டு. தெளிவா எட்டு.

தையல்காரம்மா: இவ்வளவு பொடி எழுத்தா?

லோடுமேன்: ஆமா. எட்டுதான்.

தையல்காரம்மா: ம். அப்ப சரியாத்தான் போட்டிருக்கான்.

லோடுமேன்: ...யாரு?

தையல்காரம்மா: யாரும் இல்ல.

லோடுமேன்: எந்த எட்டு, எந்த மூணு? லாரி விஷயம் நான் உன்கிட்ட சொல்லவே இல்லியே.

தையல்காரம்மா: உங்க மேஸ்திரி வீட்டம்மாவுக்கு நான்தானே ஜாக்கெட் தைக்கிறேன்.

போட்டோக்காரம்மா: நான் உள்ள போய் பைப்ப மூடிட்டு வர்றேன்...

தையல்காரம்மா: மூடிட்டுத்தான் வந்தேன். நில்லு. தாடை விஷயமா உங்களுக்குள்ள என்ன பேச்சு நடந்துச்சுன்னு எனக்குத் தெரியும்.

லோடுமேன்: ஏம்மா... அன்னிக்கு நாற்காலில உக்காந்தியே. கண்ணாடி மேல.

தையல்காரம்மா: உக்காரல.

லோடுமேன்: பின்ன?

தையல்காரம்மா: கையால மடக்கினேன். லேசுல ஒடியல. நல்ல பிரேமு. முட்டியில வெச்சு ரெண்டு தடவ மடக்க வேண்டியதாப் போச்சு.

லோடுமேன்: அப்ப சட்டை?

தையல்காரம்மா: என்ன சட்டை?

லோடுமேன்: அளவு எடுத்தியே.

தையல்காரம்மா: ஆள் வரலன்னா, பேப்பர எவ்வளவு தூரத்துல புடிக்கிறாருன்னாவது சொல்லுங்கன்னான் கடைக்காரன். நீங்க படிச்சிட்டிருந்தீங்க. முழுக்கைக்கு அளவுன்னு சொல்லிட்டு கண்ணுலேருந்து பேப்பர் வரைக்கும் டேப்ப புடிச்சேன். இருபத்தெட்டு அங்குலம். அதையும் வயசையும் எழுதிக் குடுத்தேன்.

போட்டோக்காரம்மா: அக்கா... நீங்க...

தையல்காரம்மா: அவ்வளவு நீளத்துக்கு எந்த மனுஷனுக்கும்மா சட்டைக்கை வெப்பாங்க? இவருக்கு அப்பவும் சந்தேகம் வரல.

லோடுமேன்: மேல் பாதி...

தையல்காரம்மா: மேல வெறும் கண்ணாடியே இருக்கட்டும்னேன். எப்பவும் போல.

லோடுமேன்: எப்பவும் போலயா? உனக்கு எப்பலேருந்து...

தையல்காரம்மா: கல்யாணம் ஆன ரெண்டாம் மாசம். ரெண்டு பேரும் ஒரே அலமாரித் தட்டுலதானே வெப்போம். ஒரு நாள் காலைல அவசரத்துல உங்களத எடுத்து மாட்டிட்டேன். ஒண்ணும் மாறல. மங்கல் இருந்தபடியே இருந்துச்சு. முந்தானையால தொடச்சுப் பாத்தேன். திருப்பி மாட்டிப் பாத்தேன். அப்புறம் இருந்த எடத்துலயே வெச்சுட்டுப் போய்ப் பாலக் காச்சினேன்.

லோடுமேன்: இருபத்தஞ்சு வருஷம்... ஒரு வார்த்தை சொல்லலியே. எழுத்து சொல்லிக் குடுக்கறப்போ கூட, கண்ணாடியத் தொடச்சுட்டு வந்து உக்காருங்கன்னு சொன்னியே.

தையல்காரம்மா: சொன்னேன்.

லோடுமேன்: ஏன் சொல்லல?

தையல்காரம்மா: சொன்னா கழட்டிடுவீங்க. உங்களுக்குக் கண்ணாடி எவ்வளவு நல்லா இருக்குன்னு உங்களுக்கு எங்க தெரியும்... கண்ணத் தொடச்சிட்டு வந்து உக்காருங்க. இந்தத் தடவ நான் உங்களப் பாத்து சிரிக்கிறேன், அவ எடுக்கட்டும்.